துணைக்கால்

பல் வைத்தியத்தில் கைக்குக் கிடைத்த பேர் காலுக்குக் கிடைக்கவில்லை. 'டாக்டருக்கு நல்ல கைராசி' என்பார்கள். கால்ராசி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் நீங்கள் வாயைப் பிளந்து படுத்திருக்கும்போது பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தம் டாக்டரின் கையிலிருந்து வருவதில்லை. கீழே ஒரு மிதி இருக்கும். அதை அவருடைய வலது கால் அழுத்தினால் துளைக்கருவி சுழலும். காலை எடுத்தால் நின்றுவிடும். முப்பத்தொரு வருடம் அந்தக் காலை வைத்துத்தான் பிழைத்தேன். அதே கால்தான் என்னை ஒரு செவ்வாய்க்கிழமை காலை விசாரணைக் குழுவின் வராந்தாவில் கொண்டுவந்து உட்காரவைத்தது.

வராந்தாவில் ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே இருந்த பெஞ்சை மாசானம் பிடித்திருந்தார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். எங்கள் நிறுவனம் அவர் ஊரில் வைத்திருந்த பன்னிரண்டாம் எண் நாற்காலியில் கடைவாய்ப்பல் எடுக்கப் படுத்தார். எழுந்தபோது கீழுதட்டில் பாதியும் முகவாயும் மரத்துப்போயிருந்தன. நான்கு மாதமாகியும் உணர்ச்சி திரும்பவில்லை. இனி திரும்பாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வாயோரத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார். எச்சில் வழிந்தால் அவருக்குத் தெரியாது. அதனால் வழிந்தாலும் வழியாவிட்டாலும் ஒற்றினார்.

"நீருதான் அந்த டாக்டரா?"

"ஆமாங்க. கோதண்டபாணி."

"உம்ம மூஞ்சிய இன்னைக்குத்தான்வே பாக்கேன். என் வாய்க்குள்ள எங்க என்ன இருக்குன்னு என்னைவிட உமக்கு நல்லா தெரியும். உம்மள எனக்குத் தெரியாது. இது என்ன ஞாயம்?"

அவருடைய ப, ம எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. உதடு உதட்டில் பட்டால்தானே அந்த எழுத்துகள் வரும். பல்லாரி வெங்காயமும் மொச்சையும் முருங்கையும் கூவி விற்கிற மனிதர்.

"வெட்டுனது அந்தப் பியூலாப் புள்ள. கேசும் அவ மேல. நீரு எதுக்கு வந்தீரு?"

"கை அவங்களோடதுங்க. கால் என்னோடது."

"என்னது?"

"டாக்டரே போகாத ஊருக்கெல்லாம் வைத்தியம் கிடைக்கணும்னு விதியை மாத்தினாங்க. அங்க உதவியாளர் கருவியைப் பிடிச்சுக்குவாங்க. ஆனா அது சுத்தணும்னா சென்னையில நான் மிதியை அழுத்தணும். திரையில உங்க வாயைப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஏதாவது தப்பா தெரிஞ்சா காலை எடுத்துருவேன், கருவி நின்னுரும். எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

மாசானம் துண்டை மடியில் போட்டார்.

"அப்ப நீரு மெட்ராஸுல உக்காந்துக்கிட்டு என் வாய மிதிச்சிருக்கீரு."

தொலை மேற்பார்வையை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. நாங்கள் ஐந்து பேர் ஒன்றரை வருடம் உட்கார்ந்து நூற்றுநாற்பது பக்கம் எழுதினோம்.

ஆமாம், அந்த விதித் திருத்தத்தை எழுதிய ஐவரில் நானும் ஒருவன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். பல்வலிக்கு மூன்று பஸ் மாறி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழாவது விதி முழுக்க என் கைவண்ணம்: 'மேற்பார்வை மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் உதவியாளர் சிகிச்சையைத் தொடங்கவோ இடையில் நிறுத்தவோ கூடாது.' தொடங்கக் கூடாது என்பதோடு விட்டிருக்கலாம். சோதனை நடந்தபோது ஓர் உதவியாளர் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து பாதிப் பல்லோடு நோயாளியை விட்டுவிட்டு ஓடிவிட்டார். அந்த ஒருவருக்காக 'நிறுத்தவோ' என்பதைச் சேர்த்தேன். கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். முந்திரி பக்கோடா வந்தது.

பியூலா படியேறி வந்தாள். இரண்டரை வருடம் சேர்ந்து வேலை செய்தும் அன்றுதான் நேரில் பார்த்தேன். முகம் எனக்குப் புதிது. மணிக்கட்டுக்கு மேலே இருந்த குக்கர் சூட்டுத் தழும்பை வைத்து அடையாளம் கண்டேன். என் திரையில் அவள் அந்தத் தழும்பும் நீலக் கையுறையும் மட்டும்தான்.

"வாம்மா பியூலா."

"என்னத்துக்கு சார் வாம்மா போம்மா. சாட்சிப் பட்டியல்ல கம்பெனி பக்கம் உங்க பேரு இருக்கு."

"நான் என்ன சொல்லப்போறேன்னு எனக்கே இன்னும் தெரியலை."

"எனக்குத் தெரியும். நெறிமுறைப்படிதான் எல்லாம் நடந்துச்சின்னு சொல்லுவீய. நான் சொல்லட்டுமா என்ன நடந்துச்சின்னு? இந்தா உக்காந்திருக்காவள்லா, அவ்வொளே கேக்கட்டும்."

மாசானம் நிமிர்ந்தார். பியூலா என்னைப் பார்த்தே பேசினாள்.

"படுக்க வைக்கும்போதே எல்லார்ட்டயும் சொல்லுவேன், வலிச்சா இடது கையத் தூக்குங்கன்னு. பயிற்சியில நீங்க சொல்லிக் குடுத்ததுதான். ஆனா உங்க கேமரா வாய மட்டும்தான் பாக்கும். கை எனக்கு மட்டும்தான் தெரியும். அவ்வொ தூக்குனாவ. சார், நிறுத்துங்கன்னேன். மூணு தடவ சொன்னேன். சுத்திக்கிட்டே இருக்கு. அது எலும்பத் தாண்டி நரம்புக்குப் போகுதுன்னு விரலுக்குத் தெரியுது. நான் கருவிய வெளிய எடுத்தேன். எடுக்கதுக்குள்ள பட்டுட்டு. இப்ப கேசு என்ன? நரம்பு போனதுக்கு இல்ல. டாக்டரு மிதிச்சிக்கிட்டு இருக்கும்போதே அனுமதி இல்லாம நான் நிறுத்துனேனாம். நான் பாதியில எடுத்ததாலதான் நரம்பு போச்சின்னு அதையும் என் தலையில எழுதியிருக்கு."

"எடுக்கலைன்னா இன்னும் மோசமா ஆயிருக்கும்" என்றேன்.

"அத உள்ள போயி சொல்லுங்க."

அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கேன். முன்னெல்லாம் காலையில உங்க மிதி கெட்டியா இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறகு கொஞ்சம் சோம்பலா வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா அவசரம். எனக்கு விரல்லயே தெரியும் சார், உங்களுக்கு அன்னைக்கு ஒடம்பு எப்படின்னு. எட்டு மாசமா எல்லா நேரமும் ஒரே மிதி. மனுசங்காலு அப்படி இருக்காது. அன்னைக்கு உங்க காலு எங்க இருந்துச்சி?"

என் மனைவிகூட இருபத்தெட்டு வருடத்தில் என்னை இவ்வளவு கவனித்ததில்லை. பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"நாற்காலி மேல."

"என்ன?"

"சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பழக்கம்."

முதலில் நான்கு நாற்காலிகள் கொடுத்தார்கள், பிறகு எட்டு. பதினாறு ஆனபோது ஒரு கால் போதவில்லை. அப்போதுதான் நிறுவனம் 'துணைக்கால்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நான் எந்தக் காட்சிக்கு எப்படி மிதிக்கிறேன் என்பதை அது ஒரு வருடம் பார்த்துக் கற்றுக்கொண்டது. நான் இரண்டு நொடி தாமதித்தால் எனக்குப் பதிலாக அது மிதிக்கும். குழுவுக்குச் சொல்லவில்லை, விதியில் அதற்கு இடமும் இல்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், நானும் போட்டேன். கொஞ்ச நாள் போட்டிக்கு நானும் மிதித்துப் பார்த்தேன். பதினாறு திரையில் எது என்று நான் தேடுவதற்குள் ஒவ்வொரு முறையும் அது என்னை முந்தியது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டேன். பதினாறு பேர் பேசுகிற சத்தத்தில் தலை வலிக்கிறது என்று ஒலியையும் அமர்த்திவிட்டேன்.

இதைச் சொல்லி முடித்தபோது பியூலா என்னை அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"அப்ப நான் எட்டு மாசமா யாருகிட்ட சார் சார்னு பேசிக்கிட்டு இருந்தேன்?"

"பியூலா..."

"காலையில வந்ததும் குட்மார்னிங் சொல்லுவேன். கிறிஸ்துமஸுக்கு அந்த மைக்குல பாட்டுப் பாடினேன், சவம்."

மாசானம் துண்டை உதறினார். "ஏ புள்ள, இத உள்ள போயி அப்படியே சொல்லு. சம்மணம் போட்டவரு காலு முறியட்டும்."

"சொல்லத்தான் போறேன்."

"தாராளமா சொல்லுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நிறுவனத்தின் வக்கீல் மிருணாளினி. முப்பது வயது இருக்கும். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த மரியாதையைக் கேட்டால்தான் எனக்கு முதுகில் சில்லென்று இருக்கும்.

"சொன்னா என்ன ஆகும்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க, மேடம். அந்தக் கால் டாக்டரோடது இல்லைன்னு ஆகிட்டா, எட்டு மாசமா உங்களுக்கு மேற்பார்வையே இல்லைன்னு ஆகும். டாக்டர் இல்லாம ஆயிரத்துச் சொச்சம் பேர் வாயில நீங்க எலும்பு வெட்டியிருக்கீங்க. அதுக்குச் சட்டத்துல போலி வைத்தியம்னு பேரு. பதிவு ரத்தாகுறது இல்ல, உள்ளயே போகணும்."

"எனக்குத் தெரியாதே அது மெஷினுன்னு."

"தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்னு விதி சொல்லுது. எட்டாவது விதி. சார்தான் எழுதினார்."

என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பியூலா சுவரில் சாய்ந்தாள். "தேர்வுல ரெண்டு தடவ ஃபெயிலாகி மூணாவதுல பாஸ் பண்ணி வாங்குன பதிவு சார் அது. அதுக்கு முந்தி துணிக்கடையில சேலை விரிச்சிக்கிட்டு நின்னேன். பத்து மணி நேரம் உக்கார விட மாட்டான். சும்மா இருந்தா அங்க திரும்பிப் போகணும். உண்மையச் சொன்னா ஜெயிலு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க அங்க காலத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தீய" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

குழுத் தலைவருக்கு மேல்செட்டுப் பல் தளர்வாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நாக்கால் அதை மேலே தள்ளிவிட்டுத்தான் பேசினார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் மாசானத்தின் வாய் மட்டும். ஓரத்தில் பச்சை விளக்கு, அதன் கீழே எழுத்து: 'டாக்டர் கோதண்டபாணி, மிதி அழுத்தத்தில்.' கருவி விலகுகிறது. அதன் பிறகும் நான்கு நொடி பச்சை விளக்கு எரிகிறது. சத்தம் இல்லை, நோயாளியின் அந்தரங்கம் கருதிப் பேச்சைப் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை எழுதியது நான் இல்லை என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல்.

"நோயாளி கையத் தூக்கினார்னு உதவியாளர் சொல்றாங்க. பதிவுல கை இல்லை" என்றார் தலைவர்.

"என் கை எனக்குத் தெரியாதாய்யா?" என்றார் மாசானம்.

"பதிவுல இல்லைங்க."

"அப்ப அந்தப் பதிவ எந்திரிச்சி நின்னு என் சந்தையில கூவச் சொல்லும்."

அவரை உட்காரச் சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். கேள்வி ஒன்றுதான்: இந்தச் சிகிச்சையை நிறுத்த நீங்கள் ஒப்புதல் கொடுத்தீர்களா, இல்லையா?

இல்லை என்றால் பியூலா துணிக்கடைக்குப் போவாள். கால் என்னுடையதே இல்லை என்றால் ஜெயிலுக்கு. மிருணாளினி பேனாவை மூடிவைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருந்தாள். பியூலா தரையைப் பார்த்தாள். எனக்கு வீரமெல்லாம் கிடையாது. ஊசி போடும்போது நோயாளியோடு சேர்ந்து நானும் கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

"கொடுத்தேன்" என்றேன்.

அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நிறுத்தச் சொன்னது நான்தான். மைக்கில் வாயால் சொன்னேன். அவங்க உடனே நிறுத்தினாங்க. நான்தான் காலை எடுக்கலை."

"நிறுத்தச் சொல்லிட்டு நீங்களே நாலு நொடி மிதிச்சீங்களா?"

"ஐம்பத்தெட்டு வயசாகுது சார். மூளை சொல்றதை வாய் கேட்டுடுது. காலுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகுது."

யாரோ சிரித்தார்கள். தலைவர் பல்செட்டை மேலே தள்ளினார், எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். பியூலா மேல் குற்றம் இல்லை, எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கை. எனக்கு இரண்டு வருடம் தொழில் தடை. மாசானத்தின் உதடு பற்றி ஒரு வாக்கியம் இருந்தது: 'வருத்தத்திற்குரியது.'

வெளியே வந்தபோது மிருணாளினி கைகொடுத்தாள். "ரொம்ப நன்றி டாக்டர். நாங்க எழுதிக் கொடுத்திருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணைக்கால் என்கிற வார்த்தை அன்று அந்த அறைக்குள் ஒருமுறைகூட வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டது நான்.

மாசானம் வராந்தாவின் நடுவில் வந்து நின்றார். சந்தையில் நிற்பது போலக் காலை அகட்டி, ஒரு கையை உயர்த்தி, வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஒரு டாக்டரு... நயம் டாக்டரு... நல்லா வெளஞ்ச டாக்டரு. வாய் நிறுத்தும்பாரு, காலு கேக்காது. யாரு கேக்கா? ஒரு தரம்..."

'தரம்' என்பதில் ம் வந்து மூடவில்லை. உதடு திறந்தபடியே நின்றது. அவர் துண்டை எடுத்து ஒற்றிக்கொண்டார். அடுத்த தரம் கூறாமலே படியிறங்கினார்.

பியூலா என் பக்கம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். மனித மனம் எவ்வளவு மட்டமானது பாருங்கள்.

"யாரு சார் உங்ககிட்ட கேட்டா?" என்றாள். "நாளைக்கு அந்த நாற்காலிக்குப் பக்கத்துல நிக்கப்போறது நான்."

அவளும் போய்விட்டாள்.

ஐந்து வாரம் வீட்டில் இருந்தேன். என் மனைவி வங்கிக்கு வேலைக்குப் போகிறவள். சாம்பார் வெங்காயம் உரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதிலும் மேற்பார்வை அவளுடையது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பாதி உரித்துக்கொண்டிருந்தபோது பியூலாவிடமிருந்து போன் வந்தது.

"இப்ப புது டாக்டரு போட்டிருக்காவ. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மா. பேரு திரையில வருது."

"நல்லது."

"என்ன நல்லது? காலு உங்கது."

வெங்காயக் கையைக் கண்ணில் வைத்துவிட்டேன்.

"ரெண்டு சின்ன மிதி, பெறகு ஒரு நீட்டு. ஓரத்துக்கு வரும்போது லேசா ஒரு தயக்கம். ரெண்டரை வருசம் விரல்ல புடிச்சவளுக்குத் தெரியாதா? அந்த அம்மா ஏறெடுத்துப் பாத்திருக்கவே மாட்டாவ."

"அது எப்படி முடியும்? எனக்குத் தடை இருக்கே."

"தடை உங்களுக்குத்தான சார். காலுக்கு யாரு போட்டா? அப்படி ஒரு காலு இருக்குன்னே நீங்க சொல்லலியே."

அவள் குரலில் கோபம்கூடக் குறைந்திருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"இப்ப எதுக்குக் கூப்பிட்டேன்னா, நேத்து ஒரு அக்கா வந்தாவ. சுப்புலட்சுமின்னு பேரு, பீடி சுத்துதாவ. அதே பல்லு, அதே எடம். பாதியில இடது கையத் தூக்கிட்டாவ. நிறுத்துங்கன்னேன். நிக்கல. நான் எடுத்துட்டேன். இந்தத் தடவ முதல் தடவ சொன்னதுமே எடுத்துட்டேன், மூணு வரைக்கும் நிக்கல. அக்காவுக்கு ஒண்ணும் ஆகல. உதட்டக் கிள்ளிப் பாத்துட்டேன், ஆன்னு கத்துனாவ."

"கடவுளே, நல்லதாப்போச்சு."

"அவ்வொளுக்கு. எனக்கு விளக்கம் கேட்டு வந்துட்டு. ஏழாவது விதி, ரெண்டாவது தடவ. அந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு, 'நிறுத்த ஒப்புதல் அளித்தவர்'னு. அத நெரப்பலன்னா இன்னைக்கே பதிவ எடுத்துருவாவ."

"என் பேரை எழுதும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. தடையில் இருக்கிறவன் ஒப்புதல் கொடுத்தால் இருவருக்கும் ஜெயில்.

"உங்க பேரா?" சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. "உங்ககிட்ட கேக்கதுக்கு நான் கூப்பிடல சார். சுப்புலட்சுமி அக்கா பேர எழுதிட்டேன். கையெழுத்தும் வாங்கிட்டேன். அவ்வொதான நிறுத்தச் சொன்னாவ. அனுப்பியும் ஆச்சி."

"பியூலா, அதை ஒத்துக்க மாட்டாங்க. விதியில நோயாளிக்கு..."

"தெரியும். அடுத்த மாசம் கூப்பிடுவாவ. அங்க வச்சி அந்தக் காலப் பத்தியும் சொல்லுவேன். மாசானம் அண்ணாச்சியும் வாறேன்னிருக்காவ."

"உள்ள போட்டுடுவாங்கம்மா. அந்த வக்கீல் சொன்னது நிஜம்."

"போட்டா போடட்டும். அங்க உள்ளவளுக்கும் பல்லு வலிக்கத்தான செய்யும்." பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "எனக்கு ஆளு வந்துட்டு, வைக்கேன். வாறதுன்னா வாங்க. வந்தா என்னக் காப்பாத்த வராதீய சார். எங்க உக்காந்திருந்தீயன்னு மட்டும் சொல்லுங்க."